மழைக்கு மூடும் விடுதி

வர்க்கலா,
29-5-2025

அன்புள்ள ஜெனிஷா அப்பாவுக்கு,

ராஜமேரி எழுதுவது. ஆண்டவர் தயவில் நலம். நீங்களும் மாடு கன்றும் நலமா? போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷமே சண்டை வருகிறது, எழுதிப் பாருங்கள் என்று நம் பங்குச் சாமியார் சொன்னதால் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு எழுதும் முதல் கடிதம். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

இங்கே மழை பிடித்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். ஜூனில் வேலையாட்களின் குடும்பம் வந்தால் அறை சும்மா தருகிறேன் என்கிறார் எங்கள் விடுதி மேனேஜர். மூன்று நாள் வந்து போங்கள். வேளாங்கண்ணியை விட்டால் நீங்கள் கடல் பார்த்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நான் இந்த வேலைக்குப் போகிறேன் என்றபோது, மாதா திருவிழா விருந்தில் அத்தனை பேர் எதிரில், "போறதுன்னா அப்படியே போயிரு, திரும்பி இந்த வூட்டுக்கு வராத" என்றீர்கள். அந்தச் சொல் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. அதை நேரில் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ராஜமேரி


கடத்தூர்,
9-6-2025

அன்புள்ள மேரிக்கு,

கடிதம் கிடைத்தது. பிழை ஏழு. சிரிக்கவில்லை.

மழைக்காலத்தில் கடற்கரைக்குப் போகிறேன் என்றதும் பக்கத்துக் காட்டு குப்புராஜ், "ஏன் மாமா, வெயில் காலத்துல உள்ள வுட மாட்டாங்களா?" என்கிறான். இங்கே நிலத்தை ஓட்டிப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு மழை பெய்தால் கடலை விதைக்க வேண்டும். இந்த நேரத்தில் எவன் ஊர் சுற்றுவான்? ஆனாலும் 24ஆம் தேதி வருகிறேன். 27ஆம் தேதி கிளம்புவோம். நீயும் பெட்டியைக் கட்டி வை. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பழசைக் கிளறாதே.

அன்புடன்,
செபாஸ்டின்


வர்க்கலா,
2-7-2025

அன்புள்ள ஜெனிஷா அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று ஜெனிஷா சேலம் ஹாஸ்டலிலிருந்து சொன்னாள். நீங்கள் சொல்லவில்லை.

வந்த ரெண்டு நாளும் ஜன்னலை விட்டு நகரவில்லை. "இத்தனை மழையும் கடல்லயே போயிப் பெய்யுதே, இதுல ஒரு மணி நேரம் நம்ம காட்டுல பெஞ்சா போதுமே" என்று எத்தனை தடவை சொன்னீர்கள்? குப்புராஜுக்குப் போன் போட்டு மேகம் கட்டுகிறதா என்று கேட்டீர்கள். நான் பார்க்கிற வேலை என்ன, என்னோடு வேலை செய்கிறவர்கள் யார், ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைக் கட்டினாயா என்றுகூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நான் அறைகளைப் பெருக்கப் போன நேரம், சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

எனக்கு ரொம்ப வலித்தது. ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். இனி எழுதுவதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ராஜமேரி


கடத்தூர்,
11-7-2025

அன்புள்ள மேரிக்கு,

எழுது. நிறுத்திவிடாதே.

நான் ஓடி வந்த காரணம் இதுதான். அன்று காலை விடுதி கேட் பக்கத்தில் வாட்ச்மேன் டீ கொடுத்தார். இந்த ஜூலை, ஆகஸ்டு ரெண்டு மாதமும் விடுதியை மூடிவிடுவார்கள், எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள் என்றார். போன வருஷம் நீ மட்டும் போகவில்லையாம். அந்த மழையில் வேலையாட்கள் தங்கும் கட்டடத்தில் ஒற்றை ஆளாக ரெண்டு மாதம் இருந்தாயாம். காய்ச்சலில் கிடந்தபோது அவர் மனைவிதான் கஞ்சி கொண்டுவந்தாராம். "சேச்சிக்கு ஊர்ல ஆரும் இல்லைன்னு நினைச்சோம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

லீவு கிடைக்கவில்லை என்று நான்தான் ஊருக்குச் சொன்னேன். நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. மகளுக்கும் மறைத்திருக்கிறாய். உனக்கு என்னைவிட அந்த வேலைதான் பெரிது என்று நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன். டீயைக் குடித்து முடித்த பிறகு உன் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

வராதே என்று சொன்னது தப்பு. மன்னித்துவிடு.

செபாஸ்டின்


வர்க்கலா,
18-7-2025

அன்புள்ள ஜெனிஷா அப்பாவுக்கு,

படித்தேன். அழுதேன், மறைக்கவில்லை. இப்போதும் இங்கே எல்லாரும் போய்விட்டார்கள். இந்தக் கட்டடத்தில் நானும் மழையும்தான்.

ஆனால் ஒன்று. இந்த மன்னிப்பை நான் தனியாக உட்கார்ந்து படிக்கிறேன். அந்தச் சொல்லை நீங்கள் தனியாகச் சொல்லவில்லை. உங்கள் அக்கா தங்கம்மாள் இருந்தார், என் அண்ணன் இருந்தான், பந்தியில் பாதி ஊர் இருந்தது. நாளைக்கு நான் வந்து இறங்கினால் அவர்கள் கண்ணுக்கு, போக்கிடம் இல்லாமல் திரும்பி வந்தவள். அப்படி வர மாட்டேன். செப்டம்பரில் விடுதி திறந்துவிடும். பிறகு லீவு அடுத்த மழைக்குத்தான்.

அன்புடன்,
ராஜமேரி


கடத்தூர்,
28-7-2025

அன்புள்ள மேரிக்கு,

நேற்று ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது சொன்னேன். "மேரிய வூட்டுக்கு வராதன்னு நாந்தான் சொன்னேன். லீவு இல்லன்னு சொன்னது பொய்யிங்க. ரெண்டு மாசம் லீவுல அவ தனியாக் கெடந்தா. தப்பு எம்மேல. அது அவ வூடு, அவ எப்ப வேணா வருவா, எப்ப வேணா போவா" என்றேன். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். சாமியார் படியிலேயே நின்றுவிட்டார்.

அக்காதான் கடைசியில், "செரி, அப்ப எப்ப வர்றா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. அதை அவதான் சொல்லணும்" என்றேன். மேரி, மற்றதை எல்லாம் சொன்னதைவிட அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உன்,
செபாஸ்டின்