பூட்டாத மாடி

அம்மா,

போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும். அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நாளை தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நான் வரவில்லை.

விடுமுறைக்கு விடுதியைப் பூட்டுமுன் என் மாடியில் ஒவ்வோர் அறையையும் பார்ப்பது என் பொறுப்பு. இந்த வேலை செய்வதால்தான் எனக்கு அறை வாடகை இல்லை என்பது உனக்குத் தெரியும். காலையில் கடைசி அறையைத் திறந்தால், முதலாண்டு மாணவி டெஸ்ஸா இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோக்கா. லைட்டுகூடப் போட மாட்டேன்."

"அப்ப நான் யார்கூடப் பேசிட்டிருக்கேன்?"

சிரித்தாள். அவளுக்குப் போக வீடில்லை. நம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். நாளை மறுநாள், வெள்ளி விடியலில், இங்கே ஒரு கடையில் வேலையாம்; வர முடியாது என்றாள். ஒருத்தி தங்கினாலும் பொறுப்பாளர் ஒருவர் உடன் தங்க வேண்டும் என்பது விதி. மற்ற பொறுப்பாளர்கள் கிளம்பியிருந்தார்கள். நான் இருக்கிறேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன்.

மாலையில் என் அறையில் நூடுல்ஸ் சாப்பிட்டோம். அலமாரி மேல் என் பெட்டி காலியாகக் கிடந்ததை அவள் பார்த்தாள்.

"இன்னிக்கு மதியம்தானே உனக்கு பஸ்சு? ஒரு துணிகூட எடுத்து வைக்கலியே. எனக்காக மட்டுமா இருந்துட்டே?"

"பேசாம சாப்பிடு."

அப்பா இல்லாத முதல் விருந்து. வருஷா வருஷம் அவர் மேசையில் வெட்டிப் பரிமாறும் வான்கோழியை இந்த முறை நான் வெட்டுகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அவருடைய கத்தி அடுப்புக்கு மேலே, அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. சித்தப்பாவை வெட்டச் சொல். அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தால் நீதான் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். சித்தப்பாவையே அதில் உட்காரச் சொல், அம்மா.

வராமல் போன
உன் மகள்