தாழ்ப்பாள் விழாத எட்டு வீடுகள்

மார்ச் 3, திங்கள்

பின்கதவுத் தாழ்ப்பாள் ஓட்டையில் விழவில்லை. ஒரு தீக்குச்சிக் கனம் மேலே நிற்கிறது. போன வாரம்வரை சரியாக விழுந்தது.

வறண்ட காற்று. சுரங்கக் கழிவு மண் மலையாகக் கிடக்கும் டம்ப் பக்கமிருந்து தூசி. துணியெல்லாம் உள்ளேயே காயப்போட்டேன்.

ஆபீஸ். சேர்ந்து இரண்டு மாதம். இன்னும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு யாராவது முதலில் உள்ளே போகட்டும் என்று நிற்கிறேன். என் வேலை சீட்டு எழுதுவது. ஆட்கள் சொல்வார்கள், நான் எழுதிச் சுவரில் குத்த வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சேகர் மாமா சொல்லிச் சேர்த்துவிட்டார். அம்மாவின் தம்பி. பம்ப் அவர் பொறுப்பு. பத்தாவதைப் பாதியில் விட்டவளுக்கு வேறு யார் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள்.

இன்று புதிதாக மூன்று ஆட்கள். வேலையை நடத்தும் வித்யா மேடம் அவர்களுக்குச் சுவரைப் பற்றி முதலிலிருந்து சொன்னார். மூடிக்கிடக்கும் சுரங்கத்தின் ஷாஃப்டில், கிணறு மாதிரி நேராக இறங்கும் குழியில், வருஷக்கணக்காக நிற்கிற தண்ணீரை இறைத்து ஊருக்குக் கொடுக்க முடியுமா என்று சோதனை. கீழே என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால் சுவரில் மூன்று பத்தி: தெரியும், நம்புகிறோம், தெரியாது. சீட்டில் சொன்னவர் பெயர் இருக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் எப்படிச் சரிபார்ப்பது என்றும் இருக்க வேண்டும். சரிபார்த்த பிறகுதான் ‘தெரியும்’ பத்திக்குப் போகும். தண்ணீரையும் ஒரேயடியாக இறைப்பதில்லை. ஒரு படி இறக்கு, நிறுத்து, அளந்து பார், சீட்டுகளை மாற்று, அப்புறம் அடுத்த படி. இரண்டு படி முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு மூன்றாவது.

மேடம் கன்னடக்காரர். தமிழ் தட்டித் தடுமாறி வரும். “நம்ம பிளான் எங்கேயோ தப்பு. அது கேரண்டி. எங்கே தப்புன்னு பேகா, சீக்கிரம் தெரியணும், அஷ்டே, அவ்ளோதான். லேட்டா தெரிஞ்சா ஆள் போய்டும்” என்றார். புது ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பிறகு சிவப்புச் சீட்டைக் காட்டினார். ஆபத்து என்று தோன்றினால் யாரும் எழுதலாம், டீ கொண்டுவருகிறவர்கூட. ஆனால் எழுதியவரே நேரில் போய் பம்ப் ஓட்டுகிறவர் கையில் கொடுக்க வேண்டும். உடனே பம்ப் நிற்கும். காரணத்தைச் சரிபார்க்கும்வரை ஓடாது. இதுவரை யாரும் எழுதியதில்லை. கட்டு என் மேஜை டிராயரில் பிரிக்காமலே இருக்கிறது.

பருப்பு வாங்க வேண்டும். மறந்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

நைனா பெங்களூர் வேலைக்கு விடிகாலை ரயிலுக்குப் போகுமுன் உளியால் தாழ்ப்பாள் ஓட்டையைச் செதுக்கிவிட்டார். “மரம் ஊதிக்கீது, வேற இன்னா” என்றார்.

இப்போது விழுகிறது. ஆனால் மழை பெய்து எத்தனை மாதம். வெயிலில் மரம் சுருங்கும். ஊதாது.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். அலமாரியில் பாத்திரங்கள் கிடுகிடுவென்று ஆடின. இரண்டு மூச்சு நேரம். புத்தர் படம் ஆணியில் ஒரு பக்கம் சாய்ந்தது. தட்டோடு எழுந்துவிட்டேன்.

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, “உக்காரு. ஏர்பிளாஸ்ட். இத்தப் பாத்தா பயப்படுவ? நீ வயித்துல இருக்கசொல்லோ இத்தவிடப் பெருசு வந்துச்சு. நான் தூங்கிகினு இருந்தேன்.”

சுரங்கம் மூடியே எத்தனையோ வருஷம். இன்னும் உள்ளே எங்காவது பாறை வெடித்தால் இங்கே பாத்திரம் ஆடும். எல்லா வீட்டிலும் பாத்திரத்துக்கு நடுவே பழந்துணி சொருகி வைத்திருப்போம், சத்தம் வராமல். ஆடினால் யாரும் வெளியே வந்துகூடப் பார்ப்பதில்லை. பயப்படுகிறவர்களைப் பார்த்து வெளியூர்க்காரங்க என்று சிரிப்பார்கள்.

படத்தை நேராக வைத்தேன். நின்றபடியே சாப்பிட்டு முடித்தேன். நான் இந்த ஊரில்தான் பிறந்தேன்.

ஆபீஸ் திரும்பியதும் சுவரைப் படித்தேன். என் கையால் எழுதியதுதான், ஆனால் எழுதும்போது எதையும் படிப்பதில்லை போல. நம்புகிறோம் பத்தி, கடைசி வரிசை: “ரோட்டுக்கு இந்தப் பக்கம் லைன் வீடுகளுக்குக் கீழே பழைய சுரங்கப் பாதை இல்லை. — சேகர்.” எப்படிச் சரிபார்ப்பது: காலி. தேதி: காலி. அதை நம்பித்தான் நிலம் அசைகிறதா என்று அளக்கும் கருவிகளை எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் நான்கு வரிசை லைன் வீடுகளும் இந்தப் பக்கம்தான்.

மார்ச் 5, புதன்

மூன்று வீடு தள்ளிச் செல்வி அக்கா. தண்ணீர்க் குழாயடியில். “யசோ, உங்கப்பா உளி வச்சினு கீறாரா? எங்க கதவு மூடவே மாட்டேங்குது. உங்க மாமாவ இட்டாந்து இடிச்சித் தள்ளச் சொல்லு, அவரு சைசுக்குக் கதவே தேவல.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். பிறகு அவர் சொன்னது: “ஆசாரி இந்த வாரம் நம்ம லைன்லயே குடி வந்துட்டாரு. சோறு ஒண்ணுதான் போடல.”

ஏன் கேட்டுக்கொண்டு நின்றேனோ. குடம் நிரம்பி வழிந்தது.

யாரிடமும் கதவைப் பற்றிக் கேட்க என்னால் முடியாது. பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னால் பாதி வரியில் உட்கார்ந்துவிடுவேன். அதுதான் படிப்பு நின்றதற்குப் பாதிக் காரணம். மீதி அம்மாவின் ஆபரேஷன். ஆனால் பார்க்க முடியும். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கு வரிசையும் நடந்தேன். வாசலில் புதுச் சீவல், மரத்தூள், நிலையில் வெள்ளையாகப் புது வெட்டு. பேச வேண்டியதே இல்லை.

எங்கள் வரிசை: 4 (நாங்கள்), 7 (செல்வி அக்கா).
இரண்டாவது: 9, 10.
மூன்றாவது: 13, 14.
நான்காவது: 17, 18.

எட்டு. மற்ற வீடுகளில் ஒன்றும் இல்லை; 5, 6 பூட்டிக் கிடக்கின்றன. 14இல் சுவரிலும் விரிசல், அதன்மேல் புதிதாகச் சுண்ணாம்பு.

எட்டுப் பேரும் சரிசெய்துவிட்டார்கள். எட்டுப் பேரும் மரம் ஊதியது என்றிருப்பார்கள். யாருக்கும் அடுத்த வரிசையில் நடப்பது தெரியாது.

சாப்பிட முடியவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

சீக்கிரமே ஆபீஸ் போய்ச் சாவி போட்டுத் திறந்தேன். நோட்டுக் காகிதத்தில் நான்கு வரிசை கோடு போட்டு, எட்டு வீட்டுக்கும் புள்ளி. புள்ளிகள் அங்குமிங்குமாகச் சிதறவில்லை. ஒரு பட்டையாகச் சாய்ந்து போகின்றன. எங்கள் வரிசையில் கொஞ்சம் அகலம், போகப்போக ஒடுக்கம்.

சுவரில் பழைய வரைபடம். ஷாஃப்டிலிருந்து ஒரு பாதை புறப்பட்டு ரோடு வரை வருகிறது, அதோடு நிற்கிறது. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நீட்டினால் 18. அப்புறம் 14. அப்புறம் 10. அப்புறம் எங்கள் சமையலறை.

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தேன். ரோட்டில் பாதை முடியவில்லை. அங்கே காகிதம் முடிகிறது. அடுத்த தாள் யாரிடமும் இல்லை.

அந்தப் பாதையில் நிற்கும் தண்ணீர்தான் இத்தனை வருஷமாக மேலே உள்ளதைத் தாங்கிக்கொண்டிருந்ததோ. எடுக்க எடுக்க இறங்குகிறதோ. எனக்கு என்ன தெரியும். தெரியாது. அதற்குத்தானே மூன்றாவது பத்தி.

இடது கையால் கோணல்மாணலாக எழுதினேன்: லைன் வீடுகளில் எட்டுக் கதவு ஒரே கோட்டில் இறுகுகிறது, கீழே பாதை இருக்கலாம். பெயர் எழுதவில்லை. கூட்டத்துக்குச் சீட்டுப் போடும் பெட்டியில் போட்டேன்.

ஒன்பது மணிக் கூட்டம். மேடம் பிரித்து வாசித்தார். “இது யார்து?”

யாரும் இல்லை. நான் நோட்டில் தேதியை மறுபடி எழுதினேன்.

ஒருத்தர், “கதவு இறுகுதுன்னா எண்ண போடச் சொல்லுங்க மேடம்” என்றார். சிரிப்பு. மாமா சிரிக்கவில்லை. சீட்டையே பார்த்தார்.

மேடம் கோபப்படவில்லை. “பெயர் இல்லேன்னா நான் யார் கிட்ட போய் எந்த மனைன்னு கேக்கறது? திட்டறதுக்கு இல்ல. கேக்கறதுக்கு.” பிறகு சீட்டைச் சுவரில் குத்தாமல் மேஜைமேல் வைத்தார். நாளைக் காலை பம்ப் போடுவதற்குள் எழுதியவர் வரலாம் என்றார். நான் இரண்டடி தூரத்தில். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு.

சாயந்தரம் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா டீ போடப் போனதும் மெதுவாக: “இடது கையில எழுதுனா எனக்குத் தெரியாதா? ‘ழ’ போடறது உன்ன மாதிரி யார் போடுவாங்க.”

நான் தரையைப் பார்த்தேன்.

“பயமுறுத்த வரல பாப்பா. யோசி. பம்ப் ஒரு தபா நின்னா பெங்களூர்லருந்து ஆளு வருவான், ரிப்போர்ட்டும்பான், மூட்ட கட்டுவான். இருபத்தி ரெண்டு பேருக்கு வேல போச்சு. மறுபடி உங்கப்பா மாதிரி விடிகாலை ரயிலு. நின்னுகினே போய் நின்னுகினே வரணும். வயசு ஆவுது எனுக்கு.”

“அந்தக் கீழ பாதை இல்லன்றது...” என்று தொடங்கினேன். அவ்வளவுதான் வந்தது.

“எங்கப்பா சொன்னது. வீட்டுக்குக் கீழ எவனாச்சும் தோண்டுவானா? ஒரு கதவு இறுகுனதுக்காடி?”

ஒரு கதவு என்றுதான் நினைக்கிறார். கூட்டத்தில் எட்டு என்று வாசித்ததை எழுதியவர் பயத்தில் பெருக்கிச் சொன்னதாக நினைத்திருப்பார். காகிதம் என் பாவாடைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். எடுக்கவில்லை. அவர் டீயைக் குடித்தார், என் தலையைத் தொட்டார், போய்விட்டார்.

அவர் வீடு 10. அவருடைய கதவையும் ஆசாரி சீவியிருக்கிறார். அத்தை கூப்பிட்டிருப்பார். மாமாவிடம் சொல்லியிருக்கவே மாட்டார்.

மார்ச் 7, வெள்ளி

நைனா போன பிறகு முதல் வேலையாகப் பின்கதவு. விழவில்லை. இரண்டு தீக்குச்சி. செவ்வாய்க்கிழமை செதுக்கிய ஓட்டைக்கும் மேலே.

எட்டேகாலுக்கு அம்மா குளியலறைக்குள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, “யசோ, கதவ ஏன்டி சாத்தி வச்சிகினு விளையாடற?”

நான் சாத்தவில்லை. தள்ளினேன். அசையவில்லை. அம்மா முதலில் திட்டினார். பிறகு சிரித்தார். பிறகு உள்ளே தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் வாழ்நாளுக்கும் போதும். தோளால் இடித்தேன். செல்வி அக்கா கடப்பாரையோடு ஓடிவந்தார். கதவின் மேல் மூலை பிளந்துதான் வந்தது. அம்மா ஈரத் தலையோடு வெளியே வந்து நிலைக்கு மேலே பார்த்தார். சுவரில் விரல் நுழைகிற மாதிரி பிளவு. நேற்று இல்லை.

“ஏர்பிளாஸ்ட்தான்” என்றார் அம்மா. ஆனால் குரல் வேறாக இருந்தது. செல்வி அக்கா இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

“அம்மா, ரோட்டாண்ட போய் உக்காருங்க. அக்காவையும் கூட்டினு போங்க. மத்தவங்களையும்.” நான்தான் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். போனார்.

ஆபீஸுக்கு ஓட்டம். ஒரு செருப்பு வழியில் போய்விட்டது. எட்டு நாற்பது. மேடம் இன்னும் வரவில்லை, போன் எடுக்கவில்லை. ஷெட்டில் பம்ப் சத்தம் ஏற்கெனவே கேட்டது. மாமா முன்னாடியே போட்டுவிட்டிருந்தார், சூடேற்ற.

டிராயர். சிவப்புக் கட்டைப் பல்லால் பிரித்தேன்.

எழுதியது: லைன் வீடுகள். 4, 7, 9, 10, 13, 14, 17, 18. கதவு, சுவர். கீழே பாதை உண்டா: தெரியாது. எப்படிச் சரிபார்ப்பது: எட்டு வீட்டையும் போய்ப் பாருங்கள், கருவியை இந்தப் பக்கம் வையுங்கள். எந்தத் தேதிக்குள்: இன்று. பெயர்: யசோதரா. வலது கையால். ‘ழ’ எப்போதும் போடுகிற மாதிரி.

ஷெட்டுக்குப் போனேன். உள்ளே ஏழெட்டுப் பேர், எல்லோரும் திரும்பினார்கள். மாமா சுவிட்சுப் பலகை பக்கத்தில். சீட்டை அவர் கையில் வைத்தேன், கூடவே புள்ளி வைத்த காகிதம். படிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பத்தாம் எண்மேல் விரல் வைத்துக் காட்டினேன்.

“நிறுத்துங்க மாமா” என்றேன்.

பம்ப் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை, கத்திச் சொன்னேன். மாமா சுவிட்சை இறக்கினார்.