வயிற்றை விடுங்க, டீச்சர்

ஜூன் 10, திங்கள்

ஆறாம் வகுப்புக்குக் கயிறு தாண்டிக் காட்டப் போய், மூன்றாவது தாண்டலிலேயே கால்சட்டை நனைந்துவிட்டது. கருப்புக் கால்சட்டை, தப்பித்தேன். கணுக்கால் பிசகியதுபோல் நொண்டிக்கொண்டே கழிப்பறைக்கு ஓடினேன். நொண்டுகிறவள் அவ்வளவு வேகமாகவா ஓடுவாள்?

சின்னவள் பிறந்ததிலிருந்தே இந்தத் தொல்லை. இப்போது தும்மினால், சிரித்தால், விசில் ஊதினால்கூட. மதியம் தலைமையாசிரியையிடம் போய், முட்டிவலி, நூலகத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். விளையாட்டு டீச்சர் வேலையைத் தவிர எனக்கு என்ன தெரியும்? வெளியே வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜூன் 14, வெள்ளி

மகளிர் டாக்டர் மாத்திரை தரவில்லை. பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார். ஊருக்கெல்லாம் உடற்பயிற்சி சொல்லித்தருகிற எனக்கே பாடமா?

ஜூன் 15, சனி

பிசியோ பெண்ணுக்கு என் பெரியவள் வயதுதான் இருக்கும். மூத்திரம், மலம், வாயு என்று கூச்சநாச்சமில்லாமல் விசாரித்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே பதில் சொன்னேன். காற்று பிரியாமல் அடக்குவதுபோல் உள்ளே இறுக்கித் தூக்க வேண்டுமாம், பிறகு விட வேண்டுமாம். இவ்வளவுதானா? ஒரே வாரத்தில் முடித்துக்காட்டுகிறேன்.

ஜூன் 28

முடித்துக்காட்டிய லட்சணம் — முன்னைவிட மோசம். பஸ்ஸில், அடுப்படியில், ஆசிரியர் கூட்டத்தில் என்று எங்கே நின்றாலும் இறுக்கிக்கொண்டேதானே இருந்தேன்?

ஜூன் 29

பிசியோ பெண்ணிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தாள்.

"வயித்த விடுங்க, டீச்சர்."

விட்டேன்.

"இன்னும் விடல."

விட்டுட்டேனே, வேற எப்படித்தான் விடறது?

அப்புறம்தான் உறைத்தது. நெஞ்சை நிமிர்த்து, வயிற்றை உள்ளே இழு என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக் கத்தி, நானே தூக்கத்தில்கூட இழுத்துப் பிடித்திருக்கிறேன் போல. அப்படிப் பிடித்தால் பாரமெல்லாம் கீழேதான் இறங்குமாம். ஓயாமல் இறுக்கினால் மூத்திரத்தை அடக்குகிற அடித்தசையும் களைத்துப்போகுமாம். போட்டிக்கு முந்தின நாள் பிள்ளைகளை ஓய்வெடுக்கச் சொல்பவள் நான். என் புத்தி எங்கே போச்சு?

ஜூலை 9

வயிற்றைத் தளரவிட்டு நடந்தேன். வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். சிகிச்சை என்றேன். கல்யாணமான நாளிலிருந்து தானும் அதே சிகிச்சையில்தான் இருப்பதாகத் தன் தொப்பையைத் தடவிக் காட்டினார். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 24

தும்மல் வந்தது. முந்திக்கொண்டு இறுக்கினேன். ஜெயம்.

ஆகஸ்ட் 2

வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போது தோற்றுப்போனேன். சே. இவ்வளவு தூரம் வந்து இதுவா? கொஞ்ச நேரம் குளியலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு தண்ணீர் குடித்துவிட்டுப் பயிற்சியைச் செய்தேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

தலைமையாசிரியை கூப்பிட்டார். நூலகத்தில் இடம் காலியாகிறது, அடுத்த வாரமே போகலாம் என்றார். வேண்டாம் மேடம், மைதானத்திலேயே இருக்கிறேன் என்றேன். முட்டி சரியாகிவிட்டதா என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். என்ன தோன்றியதோ —

"முட்டில ஒண்ணும் இல்ல மேடம். ஒண்ணுக்கு அடக்க முடியல, அதான் அப்ப கேட்டேன். ஒரு பொண்ணுகிட்ட பிசியோ போயிட்டிருக்கேன், இப்ப எவ்வளவோ பரவாயில்ல."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு சனிக்கிழமை இருப்பாளா?"