லேபிள் கோணலான காரணம்

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. ஃபோனை எடுக்க மாட்டேன் என்று இரண்டு வருஷமாகப் பிடிவாதம் பிடிக்கிறாய். கடிதத்தையாவது பிரித்துப் படி. இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணி மட்டும் தினமும் உன் பேச்சை எடுத்து என்னை முறைக்கிறாள்.

ஃபேக்டரியில் மேனேஜர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பிரச்சினையைத் தீர்ப்பது எப்படி என்று பாடம்! இருபது வருஷமாக நான் வேறென்ன கிழித்தேனாம்? தரையில் சாக்பீஸ் வட்டம் போட்டு, அதற்குள் வாயைத் திறக்காமல் நின்று, கண்ணில் படுவதை மட்டும் எழுத வேண்டுமாம். எனக்கு வாய்த்தது நீ வேலை பார்த்த லேபிள் மெஷின்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 9

அண்ணாவுக்கு,

நலம். நீ வாயைத் திறக்காமலா? அந்த வகுப்பை வீட்டிலும் வைக்கச் சொல்லி அண்ணி கேட்கப்போகிறார்.

நான் போன பிறகும் மருந்து பாட்டிலில் லேபிள் கோணலாகத்தான் விழுகிறதா? அதை மட்டும் எழுது.

தங்கை

மார்ச் 15

என் கண்ணான தங்கச்சிக்கு,

விழுகிறது. டீ இடைவேளை முடிந்து வரும் முதல் நூறு பாட்டிலில் மட்டும். இடைவேளையில், கழுவிய பாட்டிலைக் காய வைக்கும் ட்ரையரை அணைக்கிறார்கள். அது மறுபடி சூடாவதற்குள் பெல்ட் ஓடுகிறது. பாட்டில் ஈரத்தோடு வர, லேபிள் வழுக்குகிறது. கரண்டை மிச்சப்படுத்த அணைக்கச் சொல்லி ஒட்டியிருக்கும் உத்தரவில் என் கையெழுத்து.

"அண்ணா, பாட்டில் ஈரமா வருது" என்று நீ சொன்னாய். "பிரச்சினையைத் தூக்கிட்டு வராதே, தீர்வோட வா" என்றேன். பிறகு, 'காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதி, மீட்டிங்கில் உன்னை நிற்க வைத்து வாசித்தேன். சொந்தத் தங்கை என்றுகூடப் பார்க்கவில்லை என்று மெச்சினார்கள். அந்த மெச்சலுக்காகத்தான் வாசித்தேன். மறுநாள் நீ வேலையை விட்டாய். எழுதவே கூசுகிறது. மன்னித்துவிடு.

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

படித்துவிட்டு அழுதேன். ஆனால் அவமானம் எல்லோர் முன்னாலும், மன்னிப்பு மட்டும் உறைக்குள்ளா? இதையும் மீட்டிங்கில் வாசி.

அதற்கு முன்னால், உத்தரவைக் கிழிக்காமல், இப்போது அந்த மெஷினில் இருப்பவரிடம் போய் லேபிள் ஏன் கோணலாகிறது என்று கேள். அவர் சொல்வதை எழுது. வீட்டுக்கு வருவதா என்று அப்புறம் பார்க்கலாம்.

தங்கை

மார்ச் 27

தங்கச்சி,

கேட்டேன். என்னைவிட மூத்த அம்மா. கையில் ஈரப் பாட்டில். அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "என் கவனக்குறைவுதான் சார், இனிமே பாத்துக்கறேன்" என்றார். நான் சொல்லிக்கொடுத்த பதில் அது. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே மீட்டிங்கில் மன்னிப்பை வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. உத்தரவையும் கிழித்தாயிற்று. லேபிள் நேராக விழுகிறது.

ஆனால் அந்த அம்மா இன்னும் என்னைக் கண்டால் கையிலிருக்கும் பாட்டிலை மறைக்கிறார். அதற்கு என்ன செய்வது என்று வகுப்பில் சொல்லித் தரவில்லை. நீ வந்து சொல்.

தலைகுனிந்து,
அண்ணன்