பையை எடுக்க வேண்டாமாம்

அன்புள்ள கோபக்காரிக்கு,

மகளின் பிரசவத்துக்குப் போன இடத்தில் பதறுவாய் என்றுதான் போனில் சொல்லவில்லை. எனக்குச் சிறுநீரில் ரத்தம் போயிற்று. சிறுநீர்ப்பையில் புற்றுநோய், பையையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

சோதனைக்காக எடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டரம்மாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தல். வேறு சாயம் ஏற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இது பைக்குக் கீழ இருக்கிற புராஸ்டேட் சுரப்பியில வந்ததுங்க. அபூர்வமான வகை. பார்த்தா பையில வந்த கட்டி மாதிரியே இருக்கும்.”

“அப்போ பைய எடுக்கணுமா?”

“வேண்டாம். வைத்தியமே வேற.”

கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

மகள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் வா. திட்டுவதை நேரில் வைத்துக்கொள்ளலாம். குணமாகுமா என்று மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கேட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அழுத்தக்காரன்