கயிறு இல்லாத கேன்

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் தெருவின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். வெயில் ஏறியதும் வாடை கிளம்பியது. தேர் பார்க்க வந்த கூட்டம் அதை மிதித்துக்கொண்டு போனது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஏழு வருடம் ஆகிவிட்டது.

ராஜபாளையத்துக்கு வெளியே நாம் வேலை பார்த்த பஞ்சு வெளுக்கும் ஆலை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஞ்சு. புண்ணைத் துடைக்கிறவர்களுக்கு அது யார் நுரையீரலைத் தின்று வெள்ளையானது என்ற கவலை கிடையாது. பஞ்சு வேகும் ஆவியில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. பிளீச்சும் ஆசிட்டும் ஒரே மாதிரி கறுப்புக் கேன்களில் இருக்கும். இரண்டும் கலந்தால் விஷவாயு. "மூக்கு எப்பவோ செத்துப்போச்சுலே, இனி கைதான் நமக்குக் கண்ணு" என்று சொல்லி, ஆசிட் கேன் ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் தேங்காய்நார்க் கயிறு சுற்றிவைத்தவன் நீ. எழுதப் படிக்கத் தெரியாத நீ செய்த அதுதான் அந்த ஷெட்டில் இருந்த ஒரே பாதுகாப்பு.

போபாலுக்குப் பிறகு ஆலைகளில் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். நமக்கும் வந்தது. அதிகாரி பார்வையிட வருகிறார் என்று சூப்பர்வைசர் பதறினார். "என்னலே இது, மாட்டுத்தொழுவம் மாதிரி கயிறும் கந்தலுமா? அறுத்துப் போடு."

நான்தான் அறுத்தேன். பதிலுக்கு இங்கிலீஷ் லேபிள் ஒட்டினோம். பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து வந்தவர் அரை மணி நேரம் பேசினார். வடை கொடுத்தார்கள். கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. கயிறு அறுக்கும் முன்பே அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்று நீ வத்திராயிருப்பு போயிருந்தாய். "அவனுக்கும் சேத்துப் போடுலே, ஆள் குறைஞ்சா கேள்வி வரும்" என்றார் சூப்பர்வைசர். உன் பெயரை எழுதினேன்.

மறுநாள் நீ வேலைக்குத் திரும்பினாய். பிளீச் தொட்டியில் அளவு குறைந்திருந்தது. ஆவிக்குள் தடவிப் பார்த்து, கயிறு இல்லாத கேனாக எடுத்து ஊற்றினாய். அது ஆசிட். மஞ்சளும் பச்சையுமாய் எழும்பிய புகைக்குள்ளிருந்து உன் இருமல் மட்டும் கேட்டது. இழுத்து வந்து வெளியே போட்டபோது, "கயிறு இல்லையேலே" என்றாய். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் இருமல் நின்றுவிட்டது.

விசாரணையில் அந்த நோட்டைத்தான் மேசையில் வைத்தார்கள். பயிற்சி கொடுத்தோம், கையெழுத்துப் போட்டிருக்கிறான், அவனுடைய கவனக்குறைவு என்றார் மேனேஜர். பயிற்சி நடந்ததா என்று என்னைக் கேட்டார்கள். நடந்தது என்று மட்டும் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம்.

வெளியே கேட்டருகில் உன் அம்மா நின்றிருந்தாள். "ஏய்யா, எம் பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்கான்னு சொல்லுதாகளே. அவன் கைநாட்டுதானய்யா?"

சம்பள நோட்டு முழுக்க உன் கட்டைவிரல் ரேகைதான். அது விசாரணை நடந்த அதே அறை அலமாரியில்தான் இருந்தது. படித்தவர்கள் ஒருவருக்கும் அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"நான் போட்டதும்மா அது" என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். ஆலைக் கதவைக் காட்டினாள். "இதை உள்ள போய்ச் சொல்லுவியாய்யா?"

ஓடினேன். விசாரித்த அதிகாரி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். "ரிப்போர்ட் எழுதி முடிச்சாச்சே, தம்பி" என்றார். பிறகு எழுத்திலும் கொடுத்தேன். பதில் வரவில்லை. எனக்கு வேலை மட்டும் போனது.

இவ்வளவையும் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாதது ஒன்று உண்டு. அந்தக் கேனை நீ எடுத்த அன்று காலை, ஷிப்டுக்கு முன்னால் கேட்டுக்கு எதிரில் நாம் இருவரும் டீ குடித்தோம். காது குத்தியவரின் கையை உன் அக்கா மகன் கடித்துவைத்த கதையை நீ நடித்தே காட்டினாய். சிரித்ததில் என் டீ பாதி சிந்திப்போனது. ஆலைச் சங்கு ஊதும்வரை நிறைய நேரம் இருந்தது. கயிற்றை அறுத்துவிட்டோம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்ல வேண்டும் என்பது நினைவில் இருந்தது. கதை முடியட்டும் என்று நான் குறுக்கே பேசவில்லை.