கமிட்டி கண்டுபிடித்த குற்றவாளி

1931 ஜனவரி 12
லேஸ் வகுப்பில் பூங்கனி இடது கையைத் தூக்க மறுத்தாள். ஒன்பது வயது. சோம்பல் என்று அதட்டினேன். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தால் – முழங்கைக்கு மேலே தேய்ப்புப் பெட்டியின் கூர்முனை அப்படியே பதிந்திருக்கிறது. பக்கத்தில் பழைய தழும்புகள் இரண்டு. அதட்டினேனே, சீ!

"யாரு மக்கா?"

"பெரியம்மை. சேலையில மடிப்பு சரியா நிக்கல்ல."

பெரியம்மை என்றால் ஞானபாய். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லித்தருகிறவள். கஞ்சி போட்ட அந்த வெள்ளைச் சேலையைக் கண்டால் ஊரே எழுந்து நிற்கும்.

ஜனவரி 13
அப்பாவிடம் சொன்னேன். சபைக் கமிட்டியில் இருக்கிறாரே! செய்தித்தாளை மடக்காமலே, "ஜான்ரோஸுக்கு என்ன கேடு பிள்ளே?" என்றார்.

நான் ஜான்ரோஸ் பெயரையே எடுக்கவில்லை. "சுட்டது ஞானபாய், அப்பா."

"அவளுக்க மாப்பிள அவன்தானே?"

விசாரணை முடிந்தது.

ஜனவரி 18
ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடியது. ஆறு ஆண்கள். கையெழுத்து நன்றாயிருக்கும் என்று என்னைக் குறிப்பெழுத உட்காரவைத்தார்கள். எழுத மட்டும், பேச அல்ல.

பிள்ளை "பெரியம்மை" என்றே இரண்டு முறை சொன்னாள். "அவனுக்குப் பயந்துல்லா மாத்திச் சொல்லுகு," என்றார் ஒருவர்.

ஞானபாய் அழுதாள். "பெத்தாத்தான் பிள்ளையா? செத்துப்போன எனக்க தங்கச்சிக்க மகளாக்கும்!" ஆறு மூக்குகளும் சிவந்தன.

ஜான்ரோஸ் உள்ளதைச் சொன்னார். "எனக்க பெஞ்சாதிதான் சூடு வைக்கா. நான் தடுப்பேன். முடியல்லேன்னா எண்ணெ தடவிவிடுவேன்."

"பெஞ்சாதி மேல பழி போடுகியே, நீ ஆம்பிளையாலே?"

அவர் கள்ளைத் தொட்டதே இல்லை. "ஒளிச்சுக் குடிப்பான்" என்று அதையும் தீர்த்தார்கள்.

தீர்ப்பு: ஜான்ரோஸுக்கு ஆறு மாதம் திருவிருந்து இல்லை, அந்த வீட்டில் தங்கவும் கூடாது. பிள்ளை பெரியம்மையிடமே. தாய்ப்பாசம் வேண்டுமாம்! அழகாக எழுதிக் கொடுத்தேன்.

கதைகளில் வரும் கொடுமைக்காரச் சிற்றன்னை உண்டென்று இவர்கள் எல்லாரும் நம்புவார்கள். அவளே வெள்ளைச் சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்தால் கண் தெரியாது.

பிப்ரவரி 3
ஜான்ரோஸ் குலசேகரம் ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். இனி எண்ணெய் தடவ ஆளில்லை.

பிப்ரவரி 20
நான்காவது சூடு. கழுத்தருகே. பிள்ளையை அப்பாவிடம் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"அவன் செஞ்ச பழைய தழும்பா இருக்கும்."

கொப்புளம் உடைந்து நீர் வடிகிறது. பழையதாம்! இந்த மனிதருக்கு மூக்குக்கண்ணாடி எதுக்கு? ஒரு மாசமா அந்த வீட்டுல ஆம்பிளையே இல்லியே!

அடுத்த வாரம் பெண்கள் சங்கத்தில் ஞானபாய் பேசுகிறாள். பொருள்: குழந்தைகளைக் கர்த்தருக்குள் வளர்ப்பது.

பிப்ரவரி 28
ஜான்ரோஸ் பள்ளிக்கூட வேலியோரம் வந்து நின்றார். கழுத்துச் சூட்டைச் சொன்னேன்.

"டீச்சரம்மா, நெசத்தச் சொல்லி என்ன கிட்டிச்சு? நான் அந்த வீட்டச் சுத்திவந்து, பிள்ளையத் தூக்கிட்டுப் போவேன்னு மெரட்டுகேன்னு சொல்லுங்கோ. எம்மேலன்னா உடனே நம்புவாவ."

"உங்கள் பெயர் இன்னும் கெடுமே?"

"கெட இனி என்ன பாக்கி?" சிரித்தார்.

மார்ச் 1
சொன்னேன். பச்சைப் பொய். கமிட்டியில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சாட்சி வேண்டாம், தழும்பு வேண்டாம். மாலைக்குள் நாலு பேர் கம்போடு போய்ப் பிள்ளையை மிஷன் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். ஞானபாயால் தடுக்க முடியவில்லை. தடுத்தால் பிள்ளைமேல் பாசமில்லை என்று ஆகிவிடுமே!

அப்பா என் தலையில் கை வைத்து, "நல்ல காரியம் செஞ்சே மக்கா," என்றார். உண்மை சொன்ன அன்று வைக்கவில்லை.

ஏப்ரல் 12
விடுதி வாசலில் பார்வையாளர் பட்டியல் தொங்குகிறது. ஞானபாய் வரலாம், இதுவரை வரவில்லை. ஜான்ரோஸ் வரக் கூடாது. இதுவும் என் கையெழுத்துத்தான்.

இன்று அவர் ஓர் அன்னாசிப் பழத்தோடு பின்வேலிக்கு வந்தார். கமிட்டியார் யாரும் வருகிறார்களா என்று நான் காவல் நின்றேன். பூங்கனி வேலி இடுக்கில் இரண்டு கைகளையும் நீட்டித் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்க பெரியப்பா, புதுசு ஒண்ணும் இல்ல."